பல்லாவரம் முதல் தாம்பரம் வரை: தமிழ் மர்மப் புதினத்தில் குடும்ப இரகசியத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் உளவியல் சார்ந்த மர்மப் புதினம் 1960களுக்குப் பின் மேலைநாட்டுத் தாக்கத்தால் தோன்றியது என்பது பொதுவாக நிலவும் கருத்து. குடும்பத்தின் இரகசியத்தை மையமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளின் வரலாற்றை 1894 முதல் ஆராயும் இக்கட்டுரை, அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் இரு புதினங்களையும் மனவியல் நூல்களையும் இவ்வரலாற்றில் இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதும், இரகசியத்தின் தன்மை சொத்திலிருந்து மனத்திற்கு இடம்பெயர்ந்ததில் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் புறநகர் வாழ்க்கையும் பங்கு பெற்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: மர்மப் புதினம், குடும்ப இரகசியம், மறைமலையடிகள், பல்லாவரம், தாம்பரம், ரெயினால்ட்ஸ், சுஜாதா

1. முன்னுரை

ஒரு குடும்பம் எதை மறைக்கிறது என்பது அக்குடும்பத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. சட்டம் எதைக் குற்றமாகக் கருதுகிறது, ஊர் எதை இழிவாகக் கருதுகிறது, வீட்டின் அமைப்பு எதை மறைக்க இடம் தருகிறது ஆகிய மூன்றுமே இரகசியத்தை உருவாக்குகின்றன. எனவே இரகசியத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் சான்றாவணமாக மர்மப் புதினத்தைப் படிக்க இயலும்.

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் துப்பறியும் புதினங்களைப் பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் கடந்து செல்கின்றன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் ‘பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் ஒதுக்கப்படுகின்றனர். மறைமலையடிகளோ தனித்தமிழ், சைவம் ஆகிய தலைப்புகளில் இடம்பெறுகிறார். இப்பகுப்பு இரு தரப்பினரும் ஒரே ஆங்கிலப் புதின ஆசிரியரிடமிருந்து கதை பெற்றனர் என்னும் உண்மையைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. இதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. தமிழ்ப் புதினத்தில் மறைக்கப்பட்ட மனம் எவ்வாறு நுழைந்தது என்னும் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடமே இப்பகுப்பால் மூடப்படுகிறது.

2. சொத்தும் ஆள்மாறாட்டமும்: முதற்கட்டம்

ச. ம. நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ தமிழின் முதல் துப்பறியும் புனைகதை எனக் கருதப்படுகிறது. தானவன் ஒரு போலீஸ் நிபுணன். குற்றங்களைப் புறச்சான்றுகளால் கண்டுபிடிப்பவன். 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ துப்பறிவாளர் கோவிந்தனை வாசகருக்கு அறிமுகப்படுத்தியது. அப்புதினம் 1935இலும் 1951இலும் திரைப்படமானது, அதன் செல்வாக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்ததைக் காட்டுகிறது.

இக்காலப் புதினங்களில் பெருந்தாக்கம் செலுத்தியவர் ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ். 1844 முதல் வாரந்தோறும் சிறு வெளியீடுகளாக வந்த அவருடைய ‘லண்டன் இரகசியங்கள்’ இங்கிலாந்தின் உழைக்கும் மக்களிடையே பெரிதும் விற்பனையானது. இந்தியாவிலும் பல மொழிகளில் அவருடைய கதைகள் தழுவப்பட்டன. தமிழில் அவரைத் தழுவியோருள் முதன்மையானவர் ஆரணி குப்புசாமி முதலியார். அவருடைய பல பாகப் புதினமான ‘இரத்தினபுரி இரகசியம்’ தன் பெயரிலேயே இவ்வகையின் மையப் பொருளை அறிவிக்கிறது.

இக்கட்டத்தின் குடும்ப இரகசியங்கள் பெரும்பாலும் புறப்பொருள் சார்ந்தவை. மறைக்கப்பட்ட உயில், மாற்றப்பட்ட குழந்தை, இறந்ததாக நம்பப்படும் வாரிசு, பொய்க் கையெழுத்து ஆகியவையே கதையை நகர்த்துகின்றன. கூட்டுக்குடும்பச் சொத்து ஆண்வழியில் இறங்கிய ஒரு சமூகத்தில் ‘யார் யாருக்குப் பிறந்தவர்’ என்பதே மிகப்பெரிய இரகசியமாக இருந்ததில் வியப்பில்லை. துப்பறிவாளர் ஆவணத்தைக் கண்டெடுத்தால் கதை முடிந்துவிடும். குற்றவாளியின் மனம் வாசகருக்குத் திறக்கப்படுவது அரிது.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ இதிலிருந்து சற்றே விலகுகிறது. மேனகாவுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. கணவனின் வீட்டில் வாழும் அவனுடைய விதவைத் தமக்கையரே அவளை வீட்டிலிருந்து அகற்றச் சூழ்ச்சி செய்கின்றனர். கணவனோ தமக்கையர் சொல்வதை நம்புகிறான். வீட்டின் உள்ளறையே குற்றத்தின் களமாகிறது. மருமகளாக ஒரு வீட்டிற்குள் நுழையும் பெண்ணின் அச்சம், அவ்வச்சத்தைச் சொல்லவும் இயலாத அவளுடைய நிலை ஆகியவை இங்குக் கதைப்பொருளாகின்றன. எனினும் அவள் மனத்தைக் கதைசொல்லியே வெளியிலிருந்து விவரிக்கிறார். அவளுடைய குரலில் கதை சொல்லப்படவில்லை.

3. பல்லாவரம்: கடிதமும் அறிதுயிலும்

மறைமலையடிகள் (1876–1950) 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1911இல் அப்பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கேயே சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். அவர் பணியாற்றிய காலத்தில் சென்னை நகருக்குள் இருந்த கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியர் முதலிலும் கல்லூரி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரே இரயில் பாதையில் தெற்கு நோக்கிச் சென்றமை, நகரைவிட்டு விலகி இடமும் அமைதியும் தேடிய அக்காலப் போக்கின் அறிகுறியாகும்.

அவர் பல்லாவரத்தில் குடியேறிய அதே 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ வெளிவந்தது. இது ரெயினால்ட்சின் ‘லீலா’ என்னும் புதினத்தைத் தழுவியது. மூலக்கதை காக்கசஸ் மலைப்பகுதியிலுள்ள மிங்ரேலியாவை ஒட்டியது. அடிகள் அதனை நாகநாட்டிற்கு மாற்றினார். ஆரணியார் தழுவிய அதே ஆங்கில ஆசிரியரைத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையும் தழுவினார் என்பது தற்செயலான ஒரு தகவலன்று. திருப்பங்கள், மறைந்த பிறப்பு, பிரிந்தவர் கூடுதல் ஆகிய கட்டமைப்பு அக்காலக் கற்றோருக்கும் எளிய வாசகருக்கும் பொதுவாக இருந்தது என்பதற்கு இது சான்று.

இவ்வாய்வுக்கு அதனினும் இன்றியமையாதது ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’. இளம் விதவையான கோகிலாம்பாள் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாகவே புதினம் முழுவதும் அமைந்துள்ளது. சாதி கடந்த அக்காதல் அவளுடைய உறவினர் ஏற்காதது. தமிழில் கடித வடிவப் புதினங்களுள் முன்னோடியாக இது குறிப்பிடப்படுகிறது. இதனைச் சீர்திருத்தப் புதினமாகவே ஆய்வாளர் பலரும் அணுகியுள்ளனர். விதவை மறுமணம், சாதி மறுப்பு ஆகிய கருத்துகள் இதில் வெளிப்படையாக உள்ளமையால் அவ்வணுகுமுறை பொருத்தமானதே.

ஆயின் வடிவத்தை நோக்கினால் வேறொன்றும் புலனாகும். இந்து விதவையின் மறுமணத்தை 1856ஆம் ஆண்டின் சட்டமே ஏற்றிருந்தது. எனவே கோகிலாம்பாள் மறைப்பது சட்டப்படி குற்றமன்று. குடும்பம் அதனைக் குற்றமாக்குகிறது. அவள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதப்பட வேண்டியது, ஒளிக்கப்பட வேண்டியது, நம்பிக்கைக்குரிய கையில் சேர்க்கப்பட வேண்டியது. கடிதம் பிடிபட்டால் என்னவாகும் என்னும் அச்சம் வடிவத்திற்குள்ளேயே அமைந்துவிடுகிறது. வாசகரோ பிறருக்கு எழுதப்பட்ட கடிதத்தைப் பிரித்துப் படிப்பவராகிறார். துப்பறிவாளர் இல்லாத இப்புதினத்தில் இரகசியத்தைக் கண்டறியும் பணி வாசகரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கண்டறியப்படுவதும் ஆவணமன்று, ஒரு பெண்ணின் மனம்.

அ. மாதவையாவின் ‘முத்துமீனாக்ஷி’ (1903) ஒரு பெண்ணின் தன்வரலாறாக அமைந்து, இதற்கு முன்பே பெண்குரலில் கதை சொன்னது. எனினும் தன்வரலாறு நடந்து முடிந்தவற்றைத் திரும்பிப் பார்ப்பது; எழுதுபவர் தப்பிவிட்டார் என்பது வாசகருக்கு முன்னரே தெரியும். கடிதமோ நிகழ்ந்துகொண்டிருக்கும் காலத்தில் எழுதப்படுவது. அடுத்த கடிதம் வருமா என்பது உறுதியில்லை. பிற்கால உளவியல் மர்மப் புதினங்களில் நாட்குறிப்பும் கடிதமும் பெறும் இடத்தை நினைவுகூர்ந்தால் இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் விளங்கும்.

இத்துடன் அடிகளின் மனவியல் நூல்களையும் சேர்த்துக் காண வேண்டும். ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’ (1922), ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’ (1927), ‘தொலைவில் உணர்தல்’ (1935) ஆகியவை அவருடைய பல்லாவர வாழ்க்கைக் காலத்து நூல்கள். திருமாலின் துயிலைக் குறித்த ‘அறிதுயில்’ என்னும் பழஞ்சொல்லை ஹிப்னாடிச உறக்கத்தோடு அவர் இணைத்தது குறிப்பிடத்தக்கது. விழிப்புநிலை மனத்துக்கு அப்பால் மற்றொரு மனநிலை உண்டு, அதனைச் சொல்லால் தூண்டலாம் என்னும் கருத்து அக்காலத்தில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. அக்கருத்தைத் தமிழ்ச் சொற்களில் பேச முயன்ற தொடக்ககால எழுத்தாளருள் அவர் ஒருவர். இந்நூல்கள் இன்றைய உளவியல் அறிவின்படி அறிவியல் நூல்களாகா. ஆயினும் தன் மனமே தனக்கு மறைந்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்திற்குத் தமிழில் ஒரு சொல்வளத்தை அவை உருவாக்கின.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பிற்கால மர்மப் புதின ஆசிரியர்கள் அடிகளைப் படித்து எழுதினரா? நேரடித் தாக்கம் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ரெயினால்ட்சின் கதைக்கட்டமைப்பு, பெண்ணின் இரகசியக் குரல், மறைமனம் பற்றிய ஆர்வம் ஆகிய மூன்றும் ஓர் எழுத்தாளரிடம் ஒரே ஊரில் ஒருங்கே இருந்தன என்பதே சுட்டப்படுகிறது. உளவியல் மர்மப் புதினத்திற்கு வேண்டிய கூறுகள் தமிழுக்கு 1960களில்தான் அயலிலிருந்து வந்தன என்னும் கருத்தை மறுக்க இது போதுமானது.

4. சட்டம் உருவாக்கிய இரகசியங்கள்

1949ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடுப்பு மற்றும் மணமுறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் ஓர் இந்து ஆண் இரண்டாம் மனைவியைக் கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. இரண்டாம் குடும்பம் மனவருத்தத்திற்கும் சொத்துச் சண்டைக்கும் காரணமாகலாம்; ஆனால் அதனை மறைத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. 1949க்குப் பின் அது குற்றமாயிற்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அதனை நாடு முழுமைக்கும் விரித்தது. ‘மறைக்கப்பட்ட முதல் மனைவி’, ‘மற்றோர் ஊரில் இன்னொரு குடும்பம்’ ஆகிய கதைக்கருக்கள் பிற்காலத் தொடர்கதைகளில் திரும்பத் திரும்ப வருவதை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். சட்டம் பெண்ணுக்குப் பாதுகாப்பளித்தது. அதே வேளையில் மறைப்பதற்கு ஒரு புதிய காரணத்தையும் ஆணுக்கு அளித்தது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உயிலின்றி இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்களித்தது. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளைச் சமபங்காளியாக்கியது. அதுவரை மர்மப் புதினத்தில் காப்பாற்றப்பட வேண்டியவளாக மட்டுமே இருந்த மகள், இனிச் சொத்துக்கு உரியவளாகவும் அதனால் ஐயத்திற்கும் ஆபத்திற்கும் உரியவளாகவும் மாற வழி பிறந்தது.

நீதிமன்றமும் கதைசொல்லியாயிற்று. 1952இல் சென்னையிலிருந்து தெற்கே சென்ற படகு இரயிலின் பெட்டியொன்றில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. ஆளவந்தார் கொலைவழக்கு என அறியப்படும் அவ்வழக்கின் விசாரணை 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தபோது, ஒரு மணவாழ்வுக்கு முந்தைய உறவே விவாதத்தின் மையமாயிற்று. கொன்றவர் யார் என்பதைவிட ஏன் கொன்றார், எந்த மனநிலையில் கொன்றார் என்னும் கேள்விகளை நாளிதழ் வாசகர் அன்றாடம் பின்தொடர்ந்தனர். குற்றத்தின் ஆர்வம் சான்றிலிருந்து மனநிலைக்கு நகர்ந்ததற்கு இவ்வழக்குச் செய்திகள் ஓர் எடுத்துக்காட்டு.

மறு ஆண்டு ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) இம்மாற்றத்தைத் திரையில் காட்டியது. பாடல்களற்ற அப்படத்தில், 1943இல் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டுவீசிய காலச்சூழலில் ஒரு வானொலிப் பொறியாளன் கொல்லப்படுகிறான். அண்டைவீட்டார், உடன்பிறந்தவன், அவன் மனைவி, கொல்லப்பட்டவனின் மனைவி என ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் நிகழ்ந்ததை நினைவுகூர்கின்றனர். நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவன் மனைவியின் கைத்துப்பாக்கிக்கே இரையானான் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. ஒரு வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி முழுமையாக அறியாதவரே என்பதே அதன் உண்மையான கண்டுபிடிப்பு.

5. தாம்பரம் பாதை: புறநகர் வீடும் தொடர்கதையும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1928இல், டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். காசநோய்க்கு முறையான மருந்து இல்லாத அக்காலத்தில் அந்நோய் திருமணப் பேச்சின்போது குடும்பங்கள் மறைத்த செய்திகளுள் ஒன்று. நகருக்கு வெளியே நோயாளிக்கு வேண்டிய காற்றும் ஓய்வும் கிடைத்த இடம், ஊரார் கண்ணுக்கு அப்பால் நோயை வைத்துக்கொள்ளும் இடமாகவும் அமைந்தது.

மின்சார இரயில் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஊர்களை நகர அலுவலகங்களோடு இணைத்தது. கூட்டுக்குடும்பத்தைவிட்டு வந்த மாதச் சம்பளக் குடும்பங்கள் சிறு மனைகளில் வீடு கட்டின. அக்கிரகாரத்திலோ கிராமத் தெருவிலோ ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறு அனைவருக்கும் தெரியும். புறநகரில் பக்கத்து வீட்டார் எங்கிருந்து வந்தனர் என்பதே தெரியாது. பழைய உறவு, பழைய நோய், பழைய சிறைவாசம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுப் புதிய குடும்பமாகத் தொடங்க அது இடமளித்தது. பழைய ஊரில் இரகசியம் ஊரிடமிருந்து காக்கப்பட்டது; புறநகரில் அது ஒரே கூரைக்குக் கீழ் வாழும் நால்வருக்கிடையே காக்கப்பட வேண்டியதாயிற்று. மர்மப் புதினத்தின் களம் ஜமீன் மாளிகையிலிருந்து இரண்டு அறை வீட்டிற்கு மாறியதற்கு இதுவே சமூக அடிப்படை.

சுஜாதா 1968இல் குமுதம் இதழில் எழுதிய ‘நைலான் கயிறு’ வழக்கறிஞர் கணேஷை அறிமுகப்படுத்தியது. அவருடைய ‘அனிதா – இளம் மனைவி’யில் செல்வந்தரின் மரணத்திற்குப் பின் இளம் மனைவியும் முதல் மனைவியின் மகளும் எதிரெதிரே நிற்கின்றனர், அது 1978இல் ‘இது எப்படி இருக்கு’ என்னும் திரைப்படமாயிற்று. 1981இல் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ சொத்துக்கு உரிமை பெறும் இளம்பெண் லீனாவையும் அவள் சித்தப்பா குமாரவியாசனையும் சுற்றியது. சொத்து என்னும் பழைய இரகசியம் இவற்றில் மறையவில்லை. ஆனால் காண்பவர் காண்பது உண்மையா, மனமயக்கமா, அறிவியல் தந்திரமா என்னும் ஐயம் அதனோடு பின்னிக்கொண்டது. மனத்தை ஐயத்திற்குரிய சாட்சியாக்கியமை சுஜாதாவின் தனிப்பங்களிப்பு.

இராஜேந்திரகுமாரின் ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ புதினத்தை அடிப்படையாகக் கொண்டு பாலு மகேந்திரா 1980இல் ‘மூடுபனி’யை இயக்கினார். அதன் கொலையாளி சிறுவயதில் தந்தை தாயை வதைத்ததைக் கண்டவன். அக்குடும்பத்தின் இரகசியம் எந்தப் பெட்டியிலும் பூட்டப்படவில்லை. மகனின் நினைவில் பூட்டப்பட்டுள்ளது. ‘தானவன்’ வெளிவந்து எண்பத்தாறு ஆண்டுகளில் இரகசியம் உயிலிலிருந்து நினைவுக்கு முழுமையாக இடம்பெயர்ந்துவிட்டது.

1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் இரயில் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கவிடப்பட்டு விற்பனையாயின. இருக்கையில் அமர்ந்து தாம்பரம் முதல் கடற்கரை வரை பயணம் செய்பவர் சில நாள்களில் ஒரு நாவலை முடித்துவிடலாம். வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையிலான, எவருக்கும் உரியதல்லாத அந்நேரத்தில், பிற குடும்பங்களின் இரகசியங்களைப் பயணியர் படித்தனர். படித்து முடித்தபின் பெரும்பாலான நாவல்கள் பழைய தாள் கடைக்குச் சென்றன. நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைக்கத் தகுதியுடையனவாகக் கருதவில்லை.

6. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, தமிழ் மர்மப் புதினத்தின் குடும்ப இரகசியம் சொத்து, உறவு, மனம் என்னும் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. ஒன்று மற்றொன்றை முற்றிலும் நீக்கவில்லை. பழையதன்மேல் புதியது படிந்தது.

இரண்டாவதாக, இம்மாற்றத்திற்கு இலக்கியத் தாக்கம் மட்டுமே காரணமாகாது. 1949, 1956, 1989 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் மறைக்க வேண்டியது எது என்பதை மாற்றின. 1931க்குப் பிந்தைய புறநகர் வளர்ச்சி மறைக்கும் இடத்தை மாற்றியது.

மூன்றாவதாக, மறைமலையடிகளின் புனைகதைகளைச் சீர்திருத்த இலக்கியமாக மட்டும் வகைப்படுத்துவது போதுமானதன்று. பல்லாவரத்தில் எழுதிய அவரை ஆரணியார், வடுவூரார் வரிசைக்கு அருகில் வைத்துப் படிக்கும்போது, இரு தரப்புமே புதிய ஒளியில் தெரிகின்றன. உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் பகுப்பு வாசகரின் அலமாரியில் இருந்ததில்லை. பிற்கால ஆய்வாளரின் அட்டவணையில்தான் தோன்றியது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேகரித்த நூல்கள் இன்று தரமணியில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் காக்கப்படுகின்றன. பிறர் கழித்த வெளியீடுகளையும் ஒருவர் தேடிச் சேர்த்ததால்தான் தொடக்ககாலப் புதினங்கள் பல எஞ்சியுள்ளன. 1980களின் மாத நாவல்களுக்கு அத்தகைய முழுமையான சேகரிப்பு இன்னும் அமையவில்லை. மலிவான தாளில் அச்சிடப்பட்ட அவை வேகமாக அழிந்துவருகின்றன. ஒரு சமூகம் தன் வீடுகளுக்குள் எதைக் கண்டு அஞ்சியது என்பதற்கான இச்சான்றுகள் அழியுமுன் அவற்றைத் தொகுத்து அட்டவணைப்படுத்துவதே இத்துறையின் அடுத்த பணியாகும்.